விதை திரும்பியது, வயற்கணக்கு திரும்பவில்லை

இரண்டு கிலோ விதைநெல் வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் வைத்த விதி இவ்வளவுதான். 2003இல் இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வாரோடு பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்த பயணத்தில் கைக்குக் கிடைத்த சில பழைய ரகங்களிலிருந்து வளர்ந்த வேலை அது. 2018 டிசம்பரில், ஐம்பது வயதில் அவர் காலமானபோது, 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர் என்று நாடு அவரை அறிந்திருந்தது. ஆண்டுதோறும் கோடையில் அவர் கூட்டிய நெல் திருவிழாவுக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் விவசாயிகள் வந்தார்கள், இன்றும் வருகிறார்கள்.

இந்த இயக்கத்தைப் பற்றிப் பாராட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. வேளாண்துறைப் பக்கத்திலிருந்து ‘விளைச்சல் கட்டாது’ என்ற ஒற்றை வரி மறுப்பும் வந்துவிட்டது. இரண்டு தரப்புமே ஒரு கேள்வியைத் தொடாமல் கடந்துபோகின்றன. சிறு விவசாயிகள் தங்களுக்குள் வேளாண் அறிவை உண்டாக்கிக்கொள்வதும் பகிர்ந்துகொள்வதும் எப்படி நடந்துவந்தது? அந்த நடைமுறை மீண்டதா, அல்லது அதிலிருந்து விளைந்த விதை மட்டும் மீண்டதா? இயக்கத்தின் மீது பற்றுள்ளவன் என்பதால்தான் இதை விடாமல் கேட்கிறேன்.

முதலில் அந்த விதியின் நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். டெல்டாவின் ஈரக்காற்றில் நெல் விதையின் முளைப்புத்திறன் ஓராண்டைத் தாண்டினால் வேகமாகக் குறையும். கோட்டை கட்டி வைத்தாலும் பத்தாயத்தில் போட்டாலும் அடுத்த பட்டத்தில் விதைத்தே ஆக வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட ரகங்களை ஒரே இடத்தில் ஆண்டுதோறும் விதைத்து, கலக்காமல் அறுத்து, தனித்தனியே காயவைத்துக் காப்பது பெரும்பாடு. ஒரு வெள்ளம் வந்தால் எல்லாம் போய்விடும். ஜெயராமனின் விதி அந்தச் சுமையை முகம் தெரியாத எத்தனையோ வயல்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒருவர் வயலில் பாழானாலும் இன்னொருவர் வயலில் இருக்கும். இரட்டிப்பாக வருவதால் சிலர் திருப்பித் தராமல் போனாலும் இருப்பு குறையாது. இவற்றைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. திருப்பித் தர வருகிறவர் நெல்லோடு பேச்சையும் கொண்டுவருகிறார். எத்தனை நாளில் பூத்தது, காற்றில் சாய்ந்ததா, அரவையில் எவ்வளவு நொறுங்கியது என்று கொஞ்சமாவது சொல்லாமல் யாரும் பையை இறக்கிவைத்துவிட்டுப் போவதில்லை. குளிரூட்டிய விதை வங்கியில் இந்தப் பேச்சுக்கு இடமே கிடையாது. விதைப் பாதுகாப்பு என்ற அளவில் இதைத் தயக்கமின்றி வெற்றி என்பேன்.

அறிவு என்ற அளவில்தான் தயக்கம் வருகிறது. டெல்டாவில் ஒரு காலத்தில் வழக்கத்தில் இருந்த சாகுபடி முறை ஒன்றைப் பார்ப்போம். குறுகிய நாள் குறுவையையும் நெடுநாள் ஒட்டடையானையும் கலந்து விதைத்து, ஒரே நாற்றாக ஒரே நேரத்தில் நடுவார்கள். புரட்டாசி வாக்கில் குறுவை முற்றியதும் இரண்டையும் சேர்த்தே அறுப்பார்கள். குறுவைத் தாள் அதோடு முடிந்துவிடும். ஒட்டடையான் தாளிலிருந்து மறுபடி துளிர்த்து, தை மாசியில் இரண்டாவது அறுப்பைக் கொடுக்கும். ஐப்பசி அடைமழையில் வயல் தெப்பமாக நிற்கும்போது மறுபடி உழுது, சேறடித்து, நாற்றுப் பறித்து நட வேண்டிய பாடு இல்லை. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. எந்தப் பள்ளக்காலுக்கு இது ஒத்துவரும், இரண்டு விதையையும் என்ன பங்கில் கலப்பது, அறுக்கும்போது தாளை எவ்வளவு உயரம் விடுவது, அறுத்த கையோடு தண்ணீரை எப்படி வைப்பது என்று ஒவ்வொன்றும் பலர் வயலில் பல போகம் பார்த்துத் தேறிய முடிவு. இன்று ஒட்டடையான் விதை மீட்கப்பட்ட ரகங்களின் பட்டியலில் இருக்கிறது. வாங்கிப்போய்த் தனியாக நட்டால் அது ஒரு நெடுநாள் நெல், அவ்வளவுதான். அதன் பெருமையெல்லாம் குறுவையோடு சேர்ந்து நின்ற கணக்கில் இருந்தது. 1966இல் வந்த ஆடுதுறை 27க்குப் பிறகு குறுவையும் தாளடியும் தனித்தனிப் போகங்களாக உறுதிப்பட்டபோது அந்தக் கணக்குக்கு வேலையில்லாமல் போயிற்று.

அறிவு உண்டாகும் இடத்தை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். மன்னார்குடிப் பக்கம் ஒரு சம்பா வயலில் கலவன், அதாவது கலந்துவிட்ட வேற்று ரகப் பயிர், எடுத்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவரோடு நின்றேன். கதிர் வெளிவந்து சில நாள் ஆகியிருந்தது. என் கண்ணுக்கு வயல் முழுக்க ஒரே பயிர். அவர் குனிந்து ஒரு தூரை விலக்கிக் காட்டினார். “கதிரப் பாக்காதீங்க தம்பி, தூரப் பாருங்க. இதுல செவப்பு ஓடுது பாருங்க. நம்மளுது பச்ச.” அடித்தண்டை மூடிய உறையில் மெல்லிய ஊதாக்கோடு ஒன்று தெரிந்தது. அதைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி இன்னொன்றைப் பிடித்தார். இதில் தூர் பச்சைதான், ஆனால் கண்ணாடி இலை சாய்ந்து கிடந்தது. மற்றவற்றில் நிமிர்ந்து நின்றது. மூன்றாவதில் மணி நுனியில் மீசை. விதைக்கென்று வயல் நடுவில் ஒரு துண்டை ஒதுக்கியிருந்தார்கள். வரப்போரம் இன்னும் செழிப்பாக இருக்கிறதே, அங்கே எடுக்கக்கூடாதா என்று கேட்டேன். “ஓரத்துக் கதிரு கொழுத்துத்தான் இருக்கும். அதுக்கு வெயிலும் காத்தும் கூட. அத நம்பி விதைக்கு எடுத்தா ஏமாந்துருவோம்.”

அந்த ஒரு பேச்சுக்குள் எவ்வளவு இருக்கிறது! ஓரப் பயிரின் செழிப்பு நின்ற இடத்தால் வந்தது, வித்தால் வந்ததில்லை என்று அவர் பிரித்துவிட்டார். ஆராய்ச்சி நிலையங்களிலும் ஓர வரிசைகளைக் கழித்துவிட்டுத்தான் மகசூல் கணக்கெடுப்பார்கள், காரணமும் இதுவேதான். கூர்ந்து பார்ப்பது, ஒப்பிடுவது, ஏமாற்றக்கூடியதை விலக்குவது என்ற மூன்றும் நடக்கும் இடத்தை நான் ஆய்வு என்றே அழைப்பேன். அந்த வயல் அவருடையது இல்லை என்பதை இங்கே குறித்துவிட்டு மேலே போகிறேன். அதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் நாந்தேட் என்ற சிற்றூரில் தாதாஜி கோப்ரகடே செய்ததும் இதே வேலை. ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த தலித் விவசாயி. 1983இல் பட்டேல் 3 என்ற ரகம் விளைந்த வயலில் மூன்று கதிர்கள் மட்டும் வேறு மாதிரி மஞ்சளித்து நிற்பதைக் கண்டார். அவற்றைத் தனியே எடுத்து, தனியே விதைத்து, ஆண்டுக்கணக்கில் தேறவைத்தார். அக்கம்பக்கத்தார் வாங்கிப்போய் விதைத்தார்கள். வியாபாரிகள் அன்று பிரபலமாயிருந்த கடிகாரத்தின் பெயரில் அதை எச்.எம்.டி. நெல் என்றார்கள். அகோலா வேளாண் பல்கலைக்கழகம் 1994இல் அவரிடம் விதை வாங்கிப்போய், தூய்மைப்படுத்தி, பி.கே.வி. எச்.எம்.டி. என்று 1998இல் வெளியிட்டது. கண்டெடுத்தவருக்கு உரிய இடம் அதில் கொடுக்கப்படவில்லை. அவர் 2018இல் வறுமையிலேயே இறந்தார்.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் இந்த அநீதிக்கு ஓரளவு பதில் சொல்கிறது. வணிகப் பெயரிட்டு விற்காதவரை விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் விவசாயிக்கு அதன் 39ஆம் பிரிவு உரிமை தருகிறது; தன் ரகத்தைப் பதிவு செய்யவும் இடமுண்டு. இந்த உரிமை வேறு பல நாட்டு விவசாயிகளுக்கு இல்லை. இருந்தாலும், தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை என்ற அளவுகோல்களால் ஒரு ரகத்தை அளக்கும் சட்டம், குறுவையையும் ஒட்டடையானையும் கலந்த ஊரின் கணக்கை எந்தப் பத்தியில் பதியும்? அதற்குப் படிவமே இல்லை.

மன்னார்குடி அம்மா, கோப்ரகடே என்ற இந்த இரண்டு நிகழ்விலும் அறிவு உண்டாகத் தேவைப்பட்ட சூழல் தெளிவாகத் தெரிகிறது. விதை ஆண்டுக்காண்டு அதே விதையாக இருக்க வேண்டும். அதை ஒருவர் பல போகம் பார்க்க வேண்டும். பார்த்ததை அடுத்த வயல்காரர் தன் கண்ணால் சரிபார்க்கும்படி வயல்கள் திறந்து கிடக்க வேண்டும். இவை கெட்டால் என்ன ஆகும் என்பதை வாரங்கல் பருத்தி விவசாயிகளிடம் கிளென் டேவிஸ் ஸ்டோன் என்ற மானுடவியலாளர் ஆராய்ந்து 2007இல் எழுதினார். கடைக்குப் போனால் ஆண்டுக்கொரு புதுப் பெயரில் விதைப் பாக்கெட்; எதையும் இரண்டு மூன்று போகம் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஊரே ஓர் ஆண்டு ஒரு விதையின் பின்னால் ஓடும், அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டு வேறொன்றுக்கு ஓடும். தலைமுறையாய்ச் சேர்ந்த திறன் இப்படிக் கழன்றுபோவதை அவர் விரிவாகக் காட்டினார். கம்பெனி விதையால் வந்த நோய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. திருவிழாவில் இந்த ஆண்டு ஐந்து பழைய ரகம், அடுத்த ஆண்டு கேள்விப்பட்ட வேறு ஐந்து என்று வாங்கிப்போகிறவருக்கும் இதே ஆபத்து உண்டு.

மரபு ஒரு பக்கம், அறிவியல் ஒரு பக்கம் என்று கோடு கிழித்துவிட்டு இதைப் பேசவும் முடியாது. பாரம்பரிய நெல்லின் முகமாகவே கொண்டாடப்படும் கிச்சிலிச் சம்பா, துறை ஆவணங்களில் ஜி.இ.பி. 24. கோணமணி என்ற உள்ளூர் நெல்லிலிருந்து கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிரித்தெடுக்கப்பட்டு 1921இல் வெளியானது. அதைப் பெற்றோராக வைத்துத் திரூர்க்குப்பத்தில் டி.கே.எம். 6 உருவாயிற்று. டி.கே.எம். 6ஐ வைத்துப் பிலிப்பைன்சில் ஐ.ஆர். 20 உருவாயிற்று. எதிரெதிர் அணிகளாக நாம் நிறுத்தும் கிச்சிலிச் சம்பாவும் ஐ.ஆர். 20உம் பாட்டியும் பேரனும். மறுபக்கம், மலேசியாவில் ஒட்டுச்சேர்த்து உருவான மசூரியை ஆந்திரத்தில் ஆய்வாளர்கள் கழித்துப்போட்ட பிறகு விவசாயிகளே கைமாற்றிக் கைமாற்றிப் பரப்பினார்கள். நம் வெள்ளைப் பொன்னி அந்த வழியில் வந்ததுதான். உள்ளூர் அறிவு, அறிவியல் அறிவு என்ற பிரிவினை நிற்காது என்று அருண் அகர்வால் 1995இலேயே வாதாடினார். நெல்லின் வம்சாவளி அவருக்குச் சாட்சி சொல்கிறது. ஆனால் அகர்வாலின் வாதத்தை ஏற்றுக்கொண்டால் அதன் கடமையையும் ஏற்க வேண்டும். இரண்டும் ஒரே இனம் என்றால் ஒரே விதமான கேள்விகளுக்கு இரண்டும் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்றைய இயற்கை விவசாயியின் கொல்லையில் நிற்கும் டிரம்களைப் பாருங்கள். பஞ்சகவ்யம் இருக்கும். பெயரும் சில பொருள்களும் பழையவை. பயிருக்குத் தெளிக்கும் இன்றைய கரைசலை 1990களின் பிற்பகுதியில் கொடுமுடி மருத்துவர் நடராஜன் உருவாக்கிப் பரப்பினார். ஐந்து பசுப் பொருள்களோடு இளநீரும் வாழைப்பழமும் கரும்புச்சாறும் கள்ளும் சேர்ந்தது அப்படித்தான். ஜீவாமிர்தம் மகாராஷ்டிரத்து சுபாஷ் பாலேக்கரிடமிருந்து வந்தது. மீன் அமிலம் கொரியாவின் சோ ஹான் கியூ வழியில் வந்தது. இதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை, மகிழ்ச்சிதான். எங்கிருந்தோ வந்ததை எடுத்து, நெய் விலை கட்டாதவர் நெய்யை விட்டுவிட்டும், கள் கிடைக்காதவர் வேறொன்றைச் சேர்த்தும் செய்துபார்த்து, பலனைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வது நம் காலத்தில் நம் கண் முன்னால் நடக்கும் அறிவு உருவாக்கம். நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் என்ற பஞ்சகவ்ய அளவு இன்று வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளிலும் இருக்கிறது. விவசாயியிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு அறிவு ஏறிப்போன அரிய சம்பவம் அது.

கெடுதல் எங்கே வருகிறது என்றால், இதையெல்லாம் ‘நம் முன்னோர் சொன்னது’ என்று மேடையில் அறிவிக்கும்போது வருகிறது. முப்பது வயதுகூட ஆகாத ஒரு கரைசலுக்கு மூவாயிரம் வயது ஏற்றியதும் அதைச் சோதிக்கும் உரிமை பறிபோகிறது. தெளித்த பாத்தி, தெளிக்காத பாத்தி என்று அருகருகே விட்டுப் பார்த்தவரை நம்பிக்கையில்லாதவர் என்று பார்க்கிறோம். கலவன் எடுத்த அந்த அம்மாவின் முன்னோர் இப்படி நம்பிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்கும் நெல் வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகத்தான் இருந்திருக்கும்.

பகிரும் வழி மாறியதையும் பார்க்க வேண்டும். நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்தார். போன ஊரில் தரையில் உட்கார்ந்து கேட்டார், பிறகு பேசினார். 2007இல் பசுமை விகடன் வந்தது. இப்போது யூடியூபும் வாட்ஸ்அப் குழுக்களும். தனித்து, ஊரார் கேலிக்கிடையே ரசாயனத்தை விட்ட ஒருவருக்கு, இன்னொரு மாவட்டத்தில் தன்னைப் போல் ஒருவர் இருக்கிறார் என்று காட்டியதே பெரிய உபகாரம். ஆனால் தோல்வி இந்த வழிகளில் பயணப்படுவதில்லை. பக்கத்து வயலில் பயிர் சாய்ந்தால் யாரும் சொல்லாமலே ஊருக்குத் தெரியும். காணொளியில் நிமிர்ந்து நின்ற வயல் மட்டும் வரும். ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்ற தொகை வரும்; அந்த மண் களியா மணலா, தண்ணீர் ஆற்றுப்பாசனமா போரா, அரிசியை வாங்க நகரத்தில் அவருக்கு யார் இருந்தார்கள் என்பது வராது.

நெல் திருவிழாக்களில் அரங்குகளின் விதைப் பைகளோடு இருக்கும் சீட்டுகளை நான் நின்று படிப்பது வழக்கம். ரகத்தின் பெயர் இருக்கும். நாள்கணக்கு சிலவற்றில் இருக்கும். பிறகு வருவதெல்லாம் உடம்புக்கு என்ன செய்யும் என்பது: காட்டுயானம் சர்க்கரை நோய்க்கு, பூங்கார் கர்ப்பிணிகளுக்கு, மாப்பிள்ளைச் சம்பா பலத்துக்கு. காட்டுயானம் ஆறு மாதப் பயிர், ஆள் உயரத்தைத் தாண்டும், தண்ணீர் தேங்கும் பள்ளக்காலில் மற்றது அழுகும்போது நின்று காட்டும் நெல். அதைக் கண்டு காத்தவர்களுக்கு அதன் அருமை வெள்ளத்தில் தெரிந்தது. சீட்டில் வெள்ளம் இல்லை, சர்க்கரை இருக்கிறது. அரிசியால் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறும் என்பது ரகத்தோடு, தீட்டிய அளவு, புழுங்கலா பச்சையா, எப்படிச் சமைத்தார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதையும் பொறுத்தது. சீட்டை நம்பி ஒரு நோயாளி மாத்திரையை நிறுத்தினால் பழி யாருக்கு? வயல் பக்கமும் தீங்கு உண்டு. பகல் குறையும் காலத்தில்தான் பூப்பேன் என்று நிற்கும் சம்பா ரகங்கள் பல. பட்டம் தவறி விதைத்தால் தழைத்துக்கொண்டே போகும், கதிர் தள்ளாது. அதை அறியாமல் போர்த் தண்ணீரை இறைத்து நட்டமானவர் ‘பாரம்பரிய நெல்லே வீண்’ என்று ஊரில் சொல்லும்போது அவரைக் குறைசொல்ல முடியாது. சொல்லவேண்டியதை நாம் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

விதையோடு விவரம் சேர்ந்து போவது நடக்காத காரியம் ஒன்றுமில்லை. ஒடிசாவில் தேபல் தேப் தன் விரீஹி விதை வங்கியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாட்டு நெல் ரகங்களை ஆண்டுதோறும் விதைத்துக் காக்கிறார். தூரின் நிறத்திலிருந்து மணியின் வடிவம் வரை ஒவ்வொன்றுக்கும் பதிந்து வைக்கிறார். இந்தோனேசியாவில் 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு 1989இல் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில், இருபத்தைந்து பேர்போல ஒரு போகம் முழுக்க வாரம் ஒருமுறை ஒரே வயலில் இறங்கி, கண்ட பூச்சிகளையும் பயிரின் நிலையையும் படமாக வரைந்து, என்ன செய்வதென்று விவாதித்துத் தாங்களே முடிவெடுத்தார்கள். அங்கே பகிரப்பட்டது பார்க்கும் முறை. நம் திருவிழா மேடைகளில் பகிரப்படுவது பெரும்பாலும் முடிவுகள்.

இனி அந்த அம்மாவிடம் திரும்புகிறேன். ‘விவசாய சமூகம்’ என்று ஒற்றைச் சொல்லில் நாம் சொல்வதற்குள் நிலம் உள்ளவர், குத்தகைக்கு எடுத்தவர், கூலிக்கு இறங்குபவர் என்று பலர் இருக்கிறார்கள். டெல்டாவில் இந்தப் பிரிவு சாதியின் பிரிவும்கூட. கீழ்வெண்மணிப் படுகொலை நடந்த மண் இது. நாற்றுப் பறித்ததும் நட்டதும் களையெடுத்ததும் கலவன் பிரித்ததும் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் தலித் கைகள். அதிலும் பெண்களின் கைகள். விதை வாங்க நிலம் வேண்டும். ஆகவே திருவிழாவின் விதை நிலம் உள்ளவருக்கே போகிறது. மேடையும் அவருக்கே. தூரைப் பார்க்கத் தெரிந்தவர் அங்கே சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிறார். இது தற்செயலான விடுபடல் இல்லை. இயக்கத்தின் அறிவு ஏன் வயலைவிட்டு மருந்துச் சீட்டுப் பக்கம் சாய்ந்தது என்பதற்கே இது முக்கியமான காரணம். வயலை அறிந்தவர்கள் பேசாத இடத்தில் வாங்குபவரின் ஆசைகள்தான் பேசும்.

கொல்லிமலை இதற்கு மறுசான்று தருகிறது. மரவள்ளிக்கு ஜவ்வரிசி ஆலைகளின் சந்தை வந்ததும் அங்கே சாமையும் தினையும் சுருங்கின. வெள்ளபெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று மலையாளிப் பழங்குடிகள் பிரித்தறிந்து வைத்திருந்த வகைகள் மறையும் நிலைக்கு வந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர் விதை வங்கிகளை அமைத்ததோடு நில்லாமல் உமி நீக்கும் இயந்திரங்களையும் மலைக்குக் கொண்டுபோனது. சாமை குத்துவது பெண்களின் தோளை ஒடித்த வேலை. அந்தப் பாடு குறையாமல் ‘பாட்டி சாப்பிட்டது’ என்று பெருமை பேசியிருந்தால் எந்தப் பெண் சாமைக்குத் திரும்பியிருப்பாள்? அறிவைச் சுமந்தவரின் உடல்வலியை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். நெல் இயக்கம் இன்னும் எடுக்கவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. விதையே இல்லையென்றால் அறிவை எதில் வைத்துப் பேசுவது? வீடு பற்றி எரியும்போது கைக்குக் கிடைத்ததைத்தான் எடுத்து வெளியே போடுவார்கள். பட்டியல் பிறகு எழுதலாம். ஜெயராமன் இறங்கிய காலத்தில் துறைக்கும் வங்கிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பழைய நெல் என்றால் தீண்டாத பொருள். சர்க்கரைக்கு நல்லது என்ற பேச்சு இல்லாவிட்டால் நகரத்தார் வாங்கியிருக்கமாட்டார்கள். அவர்கள் வாங்காவிட்டால் குறைந்த விளைச்சலுக்கு விலை கிடைத்திருக்காது. விலை இல்லாவிட்டால் விதை மறுபடி வயலில் ஏறியிருக்காது. இதை நான் மறுக்கவில்லை. தொடக்க ஆண்டுகளுக்கு இந்த வாதம் முழுமையாகச் செல்லும். ஆனால் தொடங்கி இருபது ஆண்டு தாண்டிவிட்டது. அவசர காலத்துச் சலுகையை இனியும் கேட்க முடியாது. கலவன் பிரிக்கத் தெரிந்த தலைமுறையோ அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டது.

2021இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் நெல் ஜெயராமன் பெயரிலேயே மரபுசார் நெல் ரகங்களுக்கான பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்தது. அரசு விதைப் பண்ணைகளில் பெருக்கி, வேளாண் விரிவாக்க மையங்கள் வழியாக மானிய விலையில் கொடுக்கிறார்கள். விதையின் அளவு கூடும், முளைப்புச் சோதனை நடக்கும், நல்லதே. ஆனால் ஜெயராமனின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அவருடைய விதியை விட்டுவிட்டார்கள். கடனாக வாங்கியவருக்குத் திரும்பி வர ஒரு காரணம் இருந்தது. காசு கொடுத்து வாங்கியவருக்கு அது இல்லை. கொண்டுவரும் பேச்சும் அதோடு நின்றது.

ஆகவே என் தீர்ப்பு இது. விதையைக் காத்ததிலும், சிதறிக் கிடந்தவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தியதிலும் இந்த இயக்கம் எந்த அரசு நிறுவனமும் செய்யாததைச் செய்தது. புதிய அறிவும் அதற்குள் உண்டாகிக்கொண்டிருக்கிறது, பஞ்சகவ்ய டிரம்மே சாட்சி. அதைப் பழமை என்று சொல்லிச் சொல்லி இயக்கமே அதன் வளர்ச்சியை முடக்குகிறது. விதையின் வயற்கணக்கைப் பகிர்வதில் அது தோற்றிருக்கிறது. அந்தக் கணக்கை வைத்திருந்தவர்களை அறிந்தவர்களாக ஏற்பதில் தோற்றிருப்பது அதைவிடப் பெரிது. முன்னதற்குக் காரணமும் இதுவே.

சரிசெய்யப் பெரும் பணம் தேவையில்லை. எந்த மண், எந்தத் தேதியில் விதைப்பு, எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எப்போது பூத்தது, எவ்வளவு சாய்ந்தது என்று விதை திருப்பித் தருகிறவரிடம் கேட்டு எழுதி, அந்தத் தாளை அடுத்தவருக்கு விதையோடு கொடுக்கலாம். நோய் தீர்க்கும் வாக்குறுதிகளைச் சீட்டிலிருந்து எடுத்துவிடலாம். விருது வழங்கும் நேரத்தில் பாதியைக் குறைத்து, அந்த ஆண்டு தோற்றுப்போன ரகங்களைப் பற்றி நட்டவர்களே பேசச் சொல்லலாம். கலவன் எடுக்கும் பெண்களை அழைத்து, ஒரு வயலில் இறக்கி, மற்றவர்கள் வரப்பில் நின்று கற்றுக்கொள்ளும்படி செய்யலாம். அதற்கு அவர்களின் அன்றைய கூலியைக் கையில் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நமக்குப் பாடம் சொல்ல அவர்கள் வீட்டு அடுப்பு இடம் கொடுக்காது.